குச்சிக்கிழங்கு மயக்கம்

சௌந்திரம் விடிந்ததிலிருந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் தகரக் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு மரவள்ளி, அந்தப் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு, குவிந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கிழங்கின் முதுகில் கத்தியால் நீளமாக ஒரு கீறு, பெருவிரலை உள்ளே கொடுத்து ஒரு நெம்பு. மேல்தோலும் அதற்கடியில் இருக்கும் ரோஸ் நிறத் தோலும் ஒன்றாகக் கழன்று வந்துவிடும். உரித்தது வலப்பக்கம் கூடைக்கு, தோல் இடப்பக்கம் தரைக்கு. மற்ற நாட்களில் சௌந்திரத்தின் கைக்கு அந்தக் கொட்டகையில் யாரும் ஈடுகொடுக்க முடியாது. இன்றைக்கு அவள் தோலைக் கூடையிலும் கிழங்கைத் தரையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஆத்தாயி அவற்றை எடுத்து மாற்றிப் போட்டபடி தன் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சௌந்திரத்தின் புருஷன் ராசப்பனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அவனுக்கும் இதே ஆலையில்தான் வேலை. அரவை மிஷின் ஓட்டினான். மோட்டார் ரூம் சாவி அவனிடம் இருந்தது. ஆடி நோம்பிக்கு மூடியிருந்த ஆலையைத் திறந்தபோது தண்ணீர் இறைக்கிற மோட்டாரைக் காணவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. முதலாளியின் மச்சினனிடமும் ஒரு சாவி உண்டு என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மிசா காலம். கடைத்தெருவில் நின்று சத்தமாகப் பேசினாலே யாராவது திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் வீட்டாள் பெயரை ஸ்டேஷனில் போய்ச் சொல்ல யாருக்கு நெஞ்சு வரும்?

மேஸ்திரி வந்து அவள் பின்னால் நின்றான்.

"சௌந்திரம், எந்திரி. மொதலாளி உன்னய வரவேண்டாம்னுட்டாரு. கேசு முடியட்டும், பொறவு பாக்கலாம்."

"இந்தக் கூடைய ரொப்பிப் போட்டுட்டுப் போறனுங்க."

"கூடையெல்லாம் வேண்டாஞ் சாமி. கத்திய வெச்சுட்டுப் போ."

கத்தி ஆலையுடையது. முந்தானையில் அதைத் துடைத்து ஆத்தாயியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். அத்தனை பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு திடீரென்று மும்முரமாக உரிக்க ஆரம்பித்தார்கள்.

வெளியே அவள் அண்ணன் தங்கசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சேதி விசாரிக்க அதிகாலையிலேயே டவுனுக்குப் போய் வந்திருந்தான்.

"பதினஞ்சு நாள் ரிமாண்டு போட்டுட்டாங்க அம்முணி. சப் ஜெயிலுக்குக் கொண்டு போறதுக்கு முன்னால பெரிய ஆசுபத்திரியில காட்டோணுமாமா. வா, அங்கயாச்சும் ஒரு பார்வ பாத்தர்லாம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தங்கசாமி அவள் காதருகே குனிந்து பேசினான்.

"அங்க ஒரு புது டாக்டரு வந்திருக்கறாராமா. ஜெயிலுக்குப் போறவனுக பழைய சீக்கெல்லாந் தோண்டித் தோண்டிக் கேக்கறாராமா. ஊட்டாளுககிட்டயுங் கேப்பாரு. கேட்டா என்ன சொல்லுவ?"

"என்ன சொல்றது?"

"கெழங்குதான். அன்னைக்கு என்ன சொன்னமோ அதேதான். மாத்திக் கீத்திப் பேசிப்போடாத. ஒரு கேசுக்கே நாக்குத் தள்ளுது. அந்தக் கேசுஞ் சேந்துச்சுன்னா மனுசன் வெளிய வரவே முடியாது."

சௌந்திரம் தலையை ஆட்டினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராசப்பனுக்கு மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கொஞ்சம் வெள்ளாமைக் காடு இருந்தது. கிணறும் இருந்தது. அந்தக் கோடையில் கிணறு வற்றி, உள்ளே இறங்கி வெட்டியும் பாறைதான் வந்தது. உழவு மாடுகளைச் சந்தையில் விற்றுவிட்டு வந்த வாரம், பருத்திக்கு அடிக்கிற மருந்தை ராசப்பன் குடித்துவிட்டான். தங்கசாமி வண்டி கட்டி இதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். உயிர் நின்றது. ஆனால் மருந்து குடித்தவன் பிழைத்தால் அவன் மேல் கேஸ் உண்டு. ஏட்டு வந்து எழுதிக்கொண்டு போவார். கோர்ட்டில் கைகட்டி நிற்கவேண்டும். அதனால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது தங்கசாமி கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. "கெழங்குங்க. கசப்புக் கெழங்கு" என்றான்.

குச்சிக்கிழங்கு விளைகிற ஊர்களில் அது எடுபடக்கூடிய பொய். கசப்புக் கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் மயக்கம் வரும். ஆலைத் தண்ணீரைக் குடித்த ஆடு நின்ற இடத்திலேயே விழும். எல்லோரும் பார்த்ததுதான். அப்போதிருந்த வயதான டாக்டர் ராசப்பனின் சட்டையை மோந்து பார்த்தார். தங்கசாமியை ஒரு முறை பார்த்தார். கிழங்கு விஷம் என்றே எழுதினார். பாவம் பார்த்துத்தான் எழுதினார். அந்தப் பக்கத்து ஊர்களில் அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பேர் கிழங்கு தின்றிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே ராசப்பன் உட்கார்ந்திருந்தான். கையில் விலங்கு. சட்டையில் பொத்தான் இல்லை. சௌந்திரத்தைப் பார்த்ததும் விலங்கை மடிக்குள் மறைக்கப் பார்த்தான். அது மறையவில்லை.

உள்ளே அந்தப் புது டாக்டர் ரஹமத்துல்லா அவனை நிறுத்தி எடை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், முதுகைத் திருப்பச் சொல்லி அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார். சேலம் டவுன்காரர். சின்ன வயசு, தங்கசாமியைவிட இளையவராக இருப்பார். ராசப்பனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு சௌந்திரத்தை உள்ளே கூப்பிட்டார். காவலுக்கு வந்த ஏட்டு வாசற்படியில் சாய்ந்து நின்று தீக்குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தார். ஏட்டை அந்த இடத்தைவிட்டுப் போகச் சொல்ல டாக்டருக்குத் தோன்றவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் முந்தி இங்கே படுத்திருக்கார். பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். கிழங்கு சாப்பிட்டு விஷமாயிட்டதுன்னு எழுதியிருக்கு. அதுதானா?"

சௌந்திரம் வாசற்படியைப் பார்த்தாள்.

"நான் எதுக்குக் கேக்கறேன்னா, போன வருஷம் சப் ஜெயில்ல ஒரு பையன் போய்ட்டான். போன பிறகுதான் தெரிஞ்சுது, ஆறு மாசம் முன்னாடி மருந்து குடிச்சுட்டு இதே ஆஸ்பத்திரியில படுத்திருந்தான்னு. இங்க இருந்த விஷயம் அங்க தெரியலை. தெரிஞ்சிருந்தா பையனைக் காப்பாத்தியிருக்கலாம். அதிலிருந்து புதுசா ஒருத்தர் உள்ள போறார்னா பழைய சீட்டைப் பார்த்துடறேன், வீட்டிலயும் கேட்டுடறேன். தானா மருந்து குடிச்சவர்னா சொல்லிடுங்க. தனியா விட மாட்டோம். முன் பக்கம் பெரிய ரூம், நாலு பேரோட இருப்பார், விடிய விடிய லைட் எரியும், வார்டர் கண்ணு முன்னாலயே படுத்திருப்பார். அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணுமில்லை."

இந்தக் குரலில் அவளிடம் யாரும் பேசி நாளாயிற்று. 'ஆமாங்க சாமி' என்கிற சொல் நாக்குக்கு வந்துவிட்டது. அப்போது காது குடைகிற கை நின்றது.

"என்ன சார், பழைய கேசு ஏதாச்சும் இருக்குதா?" என்றார் ஏட்டு. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "சொல்லும்மா. அதையுஞ் சேத்துப் போட்டர்லாம்."

"இல்லீங்க சாமி" என்றாள் சௌந்திரம் உடனே. "கெழங்குதானுங்க. நாந்தான் கசப்புன்னு தெரியாம வேகவெச்சுப் போட்டுட்டனுங்க. எந்தப்புத்தானுங்க."

டாக்டர் பழைய சீட்டை மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார்.

வெளியே வந்தபோது ராசப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். நல்லவேளை என்கிற மாதிரி தலையை மெல்ல அசைத்தான். அந்தத் தலையசைப்பு அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஊர் திரும்புகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை முதல் தடவை மனு போட்டுப் பார்க்கப் போனாள். தாலுகா ஆபீஸுக்குப் பின்னால் இருந்தது சப் ஜெயில். வெள்ளையடித்த ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேம்பு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ராசப்பன் முதலாளியைத் திட்டினான், முதலாளியின் மச்சினனைத் திட்டினான், வக்கீல் வைக்காத தங்கசாமியைத் திட்டினான். பிறகு கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"அரணாக்கவுத்த அறுத்துப்புட்டானுக சௌந்திரம். உள்ள உடறதுக்கு முன்னால கத்திரிக்கோல்ல அறுத்து வீசிப்புட்டானுக."

இடுப்பில் அந்தக் கயிறு இல்லாமல் ஒரு ஆம்பிளையைப் பாடையில்தான் பார்க்கமுடியும். உள்ளே போகிறவன் ஏதாவது செய்துகொள்ளக் கூடாதென்று அது அங்கே சட்டம். சௌந்திரம் கம்பிக்குள் கையை விட்டு அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "வந்ததும் புதுசு வாங்கிக் கட்டிக்கலாமுங்க" என்றாள். அன்றைக்கு அவளும் அழுதாள். அழுதுவிட்டு வந்ததில் மனசு கொஞ்சம் லேசாகவும் இருந்தது. அவன் திட்டினது நல்லதுக்கு என்று பட்டது.

திங்கட்கிழமை போனபோது ராசப்பன் சிரித்தான்.

குளித்து, தலையைப் படிய வாரியிருந்தான். "வா சௌந்திரம், வெய்யில்ல வந்தியா? மோர் கீர் வாங்கிக் குடிச்சியா?" என்றான். பொண்ணு பள்ளிக்கூடம் போகிறாளா என்றான். தங்கசாமிக்கு எத்தனை அலைச்சல், அவரைப் போய்ப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாமென்று சொல் என்றான். ஆத்தாயியை விசாரித்தான். வெள்ளாட்டை உன் அக்கா வீட்டில் விட்டுவிடு, உனக்கு எதற்கு அந்தச் சிரமம் என்றான். முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சௌந்திரம் கம்பியை நெருங்கி அவன் முகத்தைப் பார்த்தாள்.

மாட்டை விற்ற வாரத்திலும் அவன் இப்படித்தான் இருந்தான். அதுவரை எரிந்து எரிந்து விழுந்தவன் திடீரென்று பூப்போலப் பேசினான். கூரையில் பிரிந்திருந்த இடத்தையெல்லாம் வேய்ந்தான். பொண்ணுக்கு வளையல் வாங்கி வந்தான். மனுசன் தேறிவிட்டான் என்று அவள் சந்தோஷப்பட்டு மாரியாத்தாளுக்குத் தேங்காய் உடைத்தாள். உடைத்த தேங்காயின் மூடி வீட்டில் இருக்கும்போதே அவன் மருந்தைக் குடித்தான்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கறேன். நீ பாத்துப் போ."

வார்டர் மருதாசலம் நேரமாகிவிட்டது என்றார். நரை மீசைக்காரர், மனு பார்க்க வருகிறவர்களைத் துரத்தாமல் நாலு வார்த்தை கூடப் பேசவிடுகிற மனுஷன். ராசப்பனை உள்ளே அனுப்பிவிட்டு அவராகவே சொன்னார்:

"கவலப்படாத தாயி. முன் ரூம்ல சாராயக் கேசுக்காரனுக நெறஞ்சு கெடக்கறானுக, ஒரே சண்ட. உங்க ஊட்டுக்காரரு சத்தமே இல்லாத ஆளு. நிம்மதியாத் தூங்கட்டும்னு பின்னால தனி ரூம்ல போட்டிருக்கறேன்."

"தனியாவுங்களா?"

"தனியாத்தான். ஒரு தொந்தரவும் இல்ல."

அவள் அவர் காலில் விழுந்துவிட்டாள். மருதாசலம் பதறிப்போய் எழுப்பினார். "முன் ரூம்ல போடுங்க சாமி, சண்டையா இருந்தாலும் பரவால்லீங்க, அடிச்சாலும் அடிச்சுக்கட்டுமுங்க" என்றாள். எதற்கென்று கேட்டார். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவிய முந்தி ஒருக்கா மருந்து குடிச்சவருங்க. கெழங்கில்லீங்க. டாக்டருகிட்ட நான் பொய் சொல்லீட்டனுங்க."

மருதாசலம் சுற்றிலும் பார்த்தார். ஏட்டு வேம்படியில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசு தாயி. இது எங்காதுல உழுந்துச்சுன்னா நான் எழுதோணும். எழுதுனா அது நேரா டேசனுக்குப் போவும். ரூம் மாத்தறதும் எங்கையில இல்ல. டாக்டரு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாருன்னா இந்த நிமிசமே மாத்திப்போடறேன். அவுரு நல்ல மனுசன். ஓடு, போய்ச் சொல்லு."

அவள் ஓடினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. எல்லா டாக்டர்களையும் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாக ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கையில்தான் நடந்துகொண்டிருந்தது. முகாம் எங்கே என்று கேட்டு, ராசிபுரம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

ஒரு ஊர் ஹைஸ்கூலில் முகாம். வாசலில் வாழைமரம் கட்டி, தோரணம் கட்டி, கல்யாண வீடு போல ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. வரிசையில் ஆம்பிளைகள் குந்தியிருந்தார்கள். சிலர் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடியிருந்தார்கள். முடிந்து வந்தவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளியோடு கால்களை அகட்டி நடந்து போனார்கள். மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் சௌந்திரத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஆள் கூட்டியாந்தியாம்மா? புருசன் எங்கே?"

"ஜெயில்ல இருக்கறாருங்க."

பக்கத்திலிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அங்கயும் போய்ப் பிடிச்சுட்டு வந்தர்லாமா சார்?" என்றான் ஒருவன். டாக்டர் ரஹமத்துல்லாவைப் பார்க்கவேண்டுமென்று சௌந்திரம் சொன்னாள். ஆபரேஷன் நடக்கிறது, யாரையும் பார்க்கமுடியாது என்றார் மேஜைக்காரர். அவள் போகவில்லை. பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். வகுப்பறை ஜன்னல்களுக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். வெகுநேரம் வெயிலில் நின்றாள். ஒரு சமயம் பின்கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்து அண்டாவில் கை கழுவினார். முகத்தில் துணி கட்டியிருந்தது. கண்கள் சிவந்து, தூங்கி எத்தனை நாளாயிற்றோ என்று இருந்தார்.

"சாமி! டாக்டர் சாமி!"

நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள், போலீஸ் நின்றது. தலைக்கு மேலே ரேடியோக் குழாய் பாடிக்கொண்டிருந்தது. டாக்டர் கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரி ஆயா ராஜம்மாள் ரத்தத் துணிகளை அலசக் கொண்டுவந்தபோது சௌந்திரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜம்மாள் முழுவதையும் நின்று கேட்டாள்.

"இன்னுங் கும்பலா இருக்குது சாமி. மேலருந்து கணக்குக் குடுத்திருக்கறாங்களாமா, முடிக்காம டாக்டருமாருகள வெளிய உடமாட்டாங்க. நான் சொல்லிப் பாக்கறேன். நாளைக்குக் காத்தால ஆசுபத்திரிக்கு வாராரு. நீ மொத ஆளா வந்து நின்னுக்க."

"இன்னைக்கே ஒரு சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. கேசு போட்டாலும் போட்டுக்கட்டுமுங்க. எம்மேல போட்டாலும் சரி. முன் ரூம்ல மட்டும் படுக்க வெக்கச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். அழுவாத."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்போது சௌந்திரம் முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் இருமலும் பிள்ளைகளுமாக வரிசை வளர்ந்தது. என்ன சொல்லவேண்டும் என்பதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் நின்றாலும் சரி, ஏட்டே எதிரில் நின்றாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பயம் போய்விட்டிருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் பழைய சோறுகூடக் கரைத்துக் குடிக்கமுடிந்தது.

டாக்டர் வருவதற்கு முன்னால் போலீஸ் வண்டி வந்தது. பின்கதவைத் திறந்தார்கள். இரண்டு பேர் எதையோ இறக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வார்டர் மருதாசலம் இறங்கினார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். வரிசையில் முதலில் நின்றவளைப் பார்த்ததும் அவர் மீசை துடித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு போதுமாயிருந்தது. சௌந்திரம் நின்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த கிழவி, இடம் விட்டால் போய்விடுமே என்று ஒரு எட்டு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

ஜெயிலில் போன உயிர் என்பதால் பெரிய அதிகாரி வந்து விசாரித்தார். தாலுகா ஆபீஸில் ஒரு மத்தியானம். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைக்கு எதிரே டாக்டர் ரஹமத்துல்லா, சுவரோரம் மருதாசலம், வாசலில் ஏட்டு. சௌந்திரம் வெள்ளைச் சேலையில் தங்கசாமிக்குப் பக்கத்தில் நின்றாள். மோட்டார் கேஸ் முடிந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரே இறந்துவிட்டதால் தொடர ஒன்றுமில்லை என்று வக்கீல் குமாஸ்தா தங்கசாமியிடம் சொல்லியிருந்தார்.

அதிகாரி டாக்டரைக் கேட்டார். டாக்டர் நடந்ததைச் சொன்னார். பழைய சீட்டைப் பார்த்தது, மனைவியைக் கேட்டது, அவள் இல்லையென்றது. முகாமில் ராஜம்மாள் வந்து சொன்னபோது நடுநிசி, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன் என்றார். பிறகு, "நான் கேட்ட இடம் சரியில்லை சார். போலீஸை வெச்சுக்கிட்டு நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். கடைசி வார்த்தைகள் சரியாக வெளியே வரவில்லை.

"முகாம் விஷயமும் கேட்ட இடமும் இதுல வேண்டாம் டாக்டர். கேட்டீங்க இல்லையா? அது போதும்" என்றார் அதிகாரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் குமாஸ்தா எழுதினான்.

பிறகு சௌந்திரத்தைக் கேட்டார்.

"டாக்டர் உன்னைக் கேட்டாரா?"

"கேட்டாருங்க."

"என்ன சொன்னே?"

"கெழங்குன்னு சொன்னனுங்க."

"அது பொய்தானே?"

"பொய்தானுங்க சாமி. ஆனா நான் பொறவு வந்து சொன்னனுங்க. திங்கக்கெழம மனு பாக்க வந்தப்பவே சொன்னனுங்க. தனியாப் போடாதீங்கன்னு கால்ல உழுந்தனுங்க."

"யார்கிட்டே?"

அவள் மருதாசலத்தைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மருதாசலம் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார்.

"மனு பாக்க வந்துச்சுங்கய்யா."

"ஏதாவது சொல்லிச்சா?"

வாசலில் நின்றிருந்த ஏட்டு ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றார். மருதாசலத்தின் கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போய் வந்தது.

"அன்னைக்குக் கூட்டமுங்கய்யா. காதுல சரியா உழுகலீங்க."

தங்கசாமி பல்லைக் கடித்தான். சௌந்திரத்துக்குக் கோபம் வரவில்லை. நல்ல மனுஷன்தான் அவர். அவளை எழுப்பி நிறுத்தின கை அவருடையது. வாசலில் அந்த ஆள் நிற்கும்போது வாய் எப்படிப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அழுகை மட்டும் வந்தது. தனக்காகவா, அவருக்காகவா, உள்ளே ஒற்றை அறையில் கடைசியாக யாரையும் பார்க்காமல் போனவனுக்காகவா என்று தெரியாமல் அழுதாள்.

குமாஸ்தா எழுதியதை வாசித்தான். ஆபீஸ் தமிழில், ஒரே மூச்சில் வாசித்தான். மருத்துவ அதிகாரி உரிய முறையில் வினவியும் இறந்தவரின் மனைவி உண்மையை மறைத்துவிட்டபடியால் தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்ய இயலாமற் போயிற்று என்று அதில் இருந்தது.

"நான் வந்ததையும் எழுதுங்க சாமி" என்றாள் சௌந்திரம். "ஹைஸ்கோலு வரைக்கும் போனனுங்க. மறுநாக் காத்தால மொத ஆளா நின்னனுங்க."

"கேட்டதுக்குச் சொன்ன பதில்தாம்மா எழுத முடியும்" என்றான் குமாஸ்தா. பொறுமையாகத்தான் சொன்னான். "கையெழுத்தா, ரேகையா?"

மைப்பெட்டி காய்ந்திருந்தது. அவன் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அவளுடைய இடது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டித் தாளில் அழுத்தினான். கிழங்கு உரித்து உரித்து ரேகையெல்லாம் தேய்ந்திருந்ததால் முதல் தடவை வெறும் கறுப்பாக விழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினான். பரவாயில்லை, போதும் என்று அதிகாரி சொன்னார்.

வெளி வராந்தாவில் சௌந்திரம் விரலைத் துடைக்க இடம் தேடினாள். கட்டியிருந்தது புதுச் சேலை. கதவோரச் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில், அவளுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் விரலைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளைச் சுவர் அந்த இடத்தில் மட்டும் ஒரு ஆள் அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. அவள் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தாள். ஒரு விரல் துடைக்கிற அளவுக்குக்கூட அங்கே வெள்ளை மிச்சமில்லை.

உள்ளே குமாஸ்தா அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.